அபிசாயும் சிவப்பு எண்ணெயும்

"அபிசாய் தப்புப் பண்ணிட்டான்னு நான் தூக்கிட்டுப் போறதுக்கு ஒரு யங்கோனா வேர் இந்தப் பள்ளத்தாக்குல இன்னும் முளைக்கவே இல்ல!"

சிங்கத்தோக்கா ஆற்றுக்கு மேலே, தன் தகரப் பட்டறையின் வாசலில் நின்று மெக்கானிக் அபிசாய் இப்படிப் பிரகடனம் செய்தபோது, யங்கோனா வேரை இடித்துக் கரைத்த பானக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். தப்புச் செய்தவன் அந்த வேரைக் கட்டாகக் கட்டிச் சுமந்துபோய், நொந்தவர் வீட்டுப் பாயில் வைத்துத் தலைகுனிய வேண்டும் என்பது வழக்கம். ஊரில் அதை ஒருமுறையாவது செய்யாத ஆண்பிள்ளை அபிசாய் ஒருவர்தான். தான் தப்பே செய்யாதவர் என்று அவர் சொல்வார். செய்ததை ஒப்புக்கொள்ளாதவர் என்று மச்சான் நெமானி சொல்வார்.

நெமானி, அபிசாயின் அக்கா லிதியானாவின் கணவர். மச்சான்கள் ஒருவரையொருவர் எப்படி வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கோபப்படக் கூடாது. அக்காவும் தம்பியுமோ பெரியவர்களான பிறகு நேருக்கு நேர் பேசவே கூடாது. ஆகவே லிதியானா சொல்ல நினைப்பதெல்லாம், ஊரிலேயே நம்பத் தகாத வாயின் வழியாகத்தான் தம்பியின் காதுக்கு வந்தாக வேண்டும். முன்னோர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்த காலத்தில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கிடையாது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

லிதியானாவிடம் ஜப்பானிலிருந்து வந்த பழைய சின்ன வேன் ஒன்று இருந்தது. அவர் தோட்டத்துக் கத்தரியும் வெள்ளரியும் சந்தையைப் பார்க்க அது ஒன்றே வழி. வேன் படுத்தால் விளைந்ததெல்லாம் பன்றிக்குத்தான்.

அந்த வேன் ஒருநாள் ஏற்றத்தில் உதற ஆரம்பித்தது. அபிசாய் பானட்டைத் திறந்தார், மோப்பம் பிடித்தார், தீர்ப்புச் சொன்னார்.

"கியர்பாக்ஸ் எண்ணெய் மாத்தணும். அவ்வளவுதான்."

"மச்சான், சிவப்பு எண்ணெய் ஊத்திடாத" என்றார் நெமானி. "இதுக்கு வேற எண்ணெயாம். உன் அக்கா சொல்லச் சொன்னா."

"வேற எண்ணெயா? என்னது, தேங்காயெண்ணெயா?"

"சத்தியமாடா. வேனை வித்தவனே அவகிட்ட சொல்லியிருக்கான்."

"உன் பட்டறை எரியுதுன்னு சத்தியம் பண்ணி, சோப்பு நுரையோட என்னை ஆத்துலேருந்து ஓட விட்ட வாய்தானே இது?"

அந்தக் காட்சி நினைவுக்கு வந்ததும் நெமானிக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே எண்ணெயின் தலையெழுத்து முடிவாகிவிட்டது.

"பாரு, சிரிக்கிறான்! பஸ்ஸு, லாரி, டாக்சி எல்லாம் இந்தச் சிவப்பைத்தான் குடிக்குது. இந்த வேன் மட்டும் என்ன அரச வம்சமா?"

எண்ணெய் ஊற்றும் மூடியின் அருகில் ஜப்பானிய எழுத்தில் ஒரு வாசகம் ஒட்டியிருந்தது. அது 'நல்வரவு' என்று அபிசாய் எப்போதோ முடிவு செய்திருந்தார். சிவப்பு எண்ணெயை முழுசாக ஊற்றி மூடினார்.

சில வாரம் வேன் ஓடியது. பிறகு ஒரு சந்தை நாளில், முழுச் சுமையோடு மேட்டில் ஏறும்போது இன்ஜின் அலறியது, சக்கரம் அசையவில்லை. வேன் அப்படியே பின்னால் உருண்டு, கத்தரிக்காயை ரோடு முழுக்க இறைத்துவிட்டு, வாய்க்காலில் சாய்ந்து நின்றது. ஓட்டிவந்த லிதியானாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

கியர்பாக்ஸைக் கழற்றிப் பிரித்த அன்று அபிசாய் கொதித்த கொதிப்பை ஆற்றின் அக்கரையிலும் கேட்டார்கள்.

"உள்ள கியரே இல்லய்யா! பேரு கியர்பாக்ஸு! கிண்ணத்தைக் குப்புறக் கவுத்த மாதிரி ரெண்டு உருளை, நடுவுல ஒரு இரும்புப் பட்டை! இது என்ன வண்டியா, தையல் மெஷினா? கியர் இல்லாத பெட்டிக்குக் கியர்பாக்ஸுன்னு பேர் வச்சவனைக் கொண்டாங்க, இந்த ஸ்பானராலயே விசாரிக்கிறேன்!"

அவர் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. ஒரு தேசமே சேர்ந்து ஒரு மனிதரை ஏமாற்றியிருக்கிறது! அடித்தட்டில் வெள்ளித் தூளாய் மின்னியது, சிவப்பு எண்ணெயில் வழுக்கி வழுக்கி அரைபட்ட அந்த இரும்புப் பட்டையின் தேய்மானம். ஜப்பான், எண்ணெய்க் கடைக்காரர், மேடு, மழை என்று வரிசையாகத் திட்டி முடித்தவர் நெமானியிடம் வந்தார்.

"எல்லாம் உன்னாலடா! ஒழுங்கா சொல்லியிருந்தா..."

"சொன்னேனே, மச்சான்."

"நீ சொன்னா எவன் நம்புவான்?"

"நான் எங்க சொன்னேன்? அவ சொன்னதைத்தான் கொண்டாந்தேன்."

நெமானியின் முகத்தில் சிரிப்பு இல்லை. அப்படி ஒரு முகத்தை அபிசாய் முன்பு பார்த்ததேயில்லை.

அந்த நேரம் பார்த்து லிதியானா முதுகில் கத்தரி மூட்டையோடு பட்டறையைக் கடந்தார். தம்பி இருக்கும் பக்கம் திரும்பவில்லை. வாசலில் மேய்ந்த கோழியிடம் பேசினார்.

"பஸ் ரோடு வரைக்கும் நடக்கிறது உடம்புக்கு நல்லதுதான், இல்ல? பாதி மூட்டைதான் தூக்க முடியுது. மீதி அழுகினா அழுகட்டும்."

கோழி மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. அபிசாய் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். சிராய்த்த முழங்கை மேட்டில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் தன் வெல்டிங் மெஷினை விற்றார். லவுத்தோக்கா நகரத்தில், தென்னை மரத்தில் மோதி மூக்குடைந்த அதே ரக வேன் ஒன்றின் கியர்பாக்ஸை வாங்கிவந்து பூட்டினார். சரியான எண்ணெயைக் கேட்டு வாங்கி, டப்பாவில் எழுதியிருந்ததைக் கடைக்காரரை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். சிவப்பு எண்ணெய் பற்றி உலகத்தின் மீது இன்னும் கோபம் இருந்தது. ஆனால் வாய்விட்டுத் திட்டவில்லை. மணல் மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார்; வேன் முனகாமல் மேட்டில் ஏறியது.

பழைய பிரகடனம் திரும்ப வரும் என்று எல்லோரும் கிண்ணத்தைச் சுற்றிக் காத்திருந்தார்கள். அபிசாய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் போனார். மகள் கல்யாணத்துக்கென்று அவரே நட்டு வளர்த்த யங்கோனா அங்கே ஆளுயரம் நின்றது. அதைத் தோண்டி, வேரை ஆற்றில் கழுவி, கட்டாகக் கட்டித் தோளில் வைத்தார்.

அக்கா வீட்டில் நெமானி பாயில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அடுப்படியில் லிதியானா கரண்டியை நிறுத்தினார். ஆயுள் முழுதும் சேர்த்து வைத்த கேலி அத்தனையும் நெமானியின் நாக்கு நுனிக்கு வந்து, திரும்பிப் போயிற்று.

அபிசாய் வாசலை ஒட்டிக் கடைசி இடத்தில் அமர்ந்து, வேரைப் பாயில் வைத்து, தலையைக் குனிந்தார்.