பிரவுனியின் கால்களும் என் கையெழுத்தும்

இன்று காலை துறைமுகப் பக்கத்திலுள்ள மிருக வைத்தியரிடம் நட்டஈடு கேட்டு ஒரு கடிதத்தோடு போனேன்.

என் நாய் பிரவுனிக்குப் போன மாதம் அங்கேதான் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தோம். நடந்து போனவளைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அன்றிலிருந்து பின்னங்கால்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டுதான் திரிகிறாள்.

டொக்டர் என் கடிதத்தை ஆறுதலாக வாசித்தார். கோபப்படவில்லை.

"இதை வேற ஆருக்கும் காட்டினனீங்களோ?"

"இன்னும் இல்லை, டொக்டர்."

"நல்லது."

அலுமாரியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். 'கொண்டுவரும்போதே பின்னங்கால்கள் இயங்கவில்லை' என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து.

அது நான் வைத்ததுதான். அன்று அவசரம் என்று சொல்லி வெறும் படிவத்தில் வாங்கினார்கள்.

"நான் கையெழுத்து வைக்கேக்க இதில ஒண்டும் எழுதியிருக்கேல்லையே."

"அப்பிடிச் சொல்ல ஏலாது, தங்கச்சி. நாளைக்கு நாயைக் கொண்டு வாங்கோ. நானே ஒருக்காப் பாக்கிறன்."

சிரித்தபடிதான் சொன்னார்.

நிலாவெளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. கிளினிக் வாசலில் இருந்து வருபவர்களுக்கு இலக்கத் துண்டு எழுதிக் கொடுக்கும் பிள்ளையின் குரல்.

"அக்கா, நாயை மட்டும் இங்க கொண்டு வந்திடாதீங்கோ."

அதோடு வைத்துவிட்டாள். திருப்பி எடுத்தேன். தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு கிளினிக்கிலிருந்து இரண்டு தரம் அழைத்துவிட்டார்கள். நாளைக்கு எத்தனை மணிக்கு வருகிறேன் என்று கேட்கிறார்கள்.

நான் போகப் போவதில்லை. அங்கே வெறும் படிவத்தில் கையெழுத்து வைத்தவர்கள் வேறு யாரும் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். சேர்ந்து ஒரு முறைப்பாடு எழுதுவோம். இதையாவது வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கலாம்.