சப்பென்ற தண்ணீர்

ஏரியூருக்கு அந்தாண்டை இருக்கிற எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரில், வெளிப்பக்கமாக ஒரு குழாய் உண்டு. ஒகேனக்கல்லிலிருந்து வருகிற ஆற்றுத் தண்ணீர். ஊரில் ஆழ்துளை போட்டு எடுக்கிற போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். பிள்ளைகளுக்குப் பல் பழுப்பேறுகிறது, பெரியவர்களுக்கு முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. டாக்டரம்மா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அந்தக் குழாயை வைக்க வைத்தார். நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? அதில் வண்டி கழுவுகிறார்கள். எருமை குளிப்பாட்டுகிறார்கள். குடிக்க மட்டும் போர் தண்ணீர். கேட்டால், ஆற்றுத் தண்ணீர் சப்பென்று இருக்கிறதாம்!

அந்தக் குழாயைக் காவல் காக்கச் சொல்லி ரோசம்மாளிடம் யாரும் சொல்லவில்லை. அவர் எங்கள் துப்புரவுப் பணியாளர். வார்டு கூட்டி முடித்ததும் துடைப்பத்தோடு குழாயடிக்கு வந்துவிடுவார். ஒருநாள் ஊர்க்காரர் கிருஷ்ணப்பன் எருமையோடு மாட்டிக்கொண்டார்.

"ஏனுங்க, உங்க எருமைக்குப் பல்லு பளபளன்னு இருக்குது. உங்க பேரன் வாயத் தொறந்து என்னிக்காவது பாத்தீங்களா?"

"அந்தத் தண்ணியில காப்பி வெச்சா காப்பியாட்டமா இருக்குது ரோசம்மா? போர் தண்ணிதான் நாக்குல நிக்குது."

"நாக்குல நிக்காதுங்க, பல்லுல நிக்கும்!"

ரோசம்மாளுக்கு அவ்வளவு கோபம் வரக் காரணம் உண்டு. மூத்த மகள் மலர்விழி ஒன்பதாவது படிக்கிறாள். சிரிப்பு வந்தால் முதலில் கை வாய்க்குப் போகும், அப்புறம்தான் சிரிப்பாள். சின்னவள் காவியாவுக்கு ஐந்தரை வயது. இன்னும் பால்பல் விழவில்லை; அடியில் இருக்கிற பல்லுக்கு ஈறுக்குள்ளேயே கறை ஏறிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "பெரியவளுக்குப் போனது போச்சுங்க சார். இவளுக்கு மொளைக்கிற பல்லாவது வெள்ளையா மொளைக்கட்டும்" என்று என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். அவர் வீட்டில் சோறு வடிக்கக்கூட ஆற்றுத் தண்ணீர்தான். ஒருநாள் கணவர் பச்சியப்பன் சோம்பல்பட்டு போர் தண்ணீர் பிடித்து வந்தார் என்று குடத்தோடு தெருவில் கவிழ்த்தவர்.

நான் சின்னராஜ், அங்கே மருந்தாளுநர். நானும் மாத்திரைக் கவர் கவராக 'ஆற்றுத் தண்ணீர் குடிக்கவும்' என்று எழுதிக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனேன். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. படிக்காத சனம், என்ன செய்வது என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

மாசி மாதம் தருமபுரியிலிருந்து ஒரு குழு வந்து, பால்வாடிப் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதனைக்கு எடுத்துப் போனது. முடிவு வந்தது. காவியாவுக்குப் புளோரைடு அதிகம்.

ரோசம்மாள் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினார். "பாட்டில மாத்திப்புட்டாங்க! எங்க வூட்ல ஒரு சொட்டு போர் தண்ணி கெடையாதுங்க!" டாக்டரம்மா திரும்பச் சோதிக்கச் சொன்னார். திரும்பவும் அதேதான். ரோசம்மாள் வீட்டுப் பானையைப் பார்த்தார், ஆற்றுத் தண்ணீர்தான், சரி. பால்வாடி ஆயம்மாவோடு சண்டை போட்டு அங்கே அண்டாவைப் பார்த்தார், அதுவும் சரி. மறுநாள் லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து பிள்ளையின் பின்னாலேயே நடந்தார்.

மதியம் பால்வாடி விட்டதும் காவியா வழக்கம்போல என் மருந்தறைக்கு வந்தாள். இரண்டு வருடமாக, அம்மா வேலை முடிகிற வரைக்கும் அவள் உட்காருவது அங்கேதான். "மாமா, தண்ணி" என்றாள். நானும் வழக்கம்போல என் கேனைச் சாய்த்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ரோசம்மாள்.

"எங்க புடிச்ச தண்ணிங்க சார்?"

எங்கள் வீட்டு போர் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் எனக்குத் தொண்டையில் இறங்காது. தினமும் வீட்டிலிருந்து கேனில் கொண்டுவருவேன். பிள்ளைக்குக் கொடுக்கிறோமே என்று இரண்டு வருடத்தில் ஒருநாளாவது தோன்றியதா? சீ, நானெல்லாம் ஒரு படித்தவன்! என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

பிள்ளை கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே ஊற்றினார். கேனைத் தூக்கிக்கொண்டு போய், குழாயடியில் நின்ற எருமையை விலக்கிவிட்டுப் பிடித்து வந்து, என் மேஜைமேல் வைத்தார். ஊரையே திட்டித் தீர்க்கிற வாய் அது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"குடிங்க சார்."

குடித்தேன்.

காவியா அம்மாவின் புடவையை இழுத்தாள். கீழ்வரிசை முன்பல்லை விரலால் அசைத்துக் காட்டி, "அம்மா, இது ஆடுது" என்றாள்.