‘கலியாணச் சந்தடி’யின் ஆறாவது பாட்டு

திருக்கோணமலை உள்துறைமுகத்துப் பக்கம் வள்ளத்து இயந்திரம் பழுதானால் என் கணவர் சஞ்சீவனிடம்தான் கொண்டு வருவார்கள். அவர் உடனே கழற்ற மாட்டார். ஓடவிட்டு, தலையைச் சரித்துக்கொண்டு கேட்பார். “பிஸ்டன் சுகமா இருக்கு. பெயாரிங்தான் அடிபட்டுப்போச்சு” என்பார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். அந்தக் காதை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஊருக்குக் காட்டிய எடுப்பு இருக்கிறதே, அதைக் கட்டிக்கொண்டு அழுதவள் நான். ஆகையால் அவருடைய கதையை நான் சொல்வதுதான் நியாயம்.

இயந்திரத்துக்கு முன்னர் அவர் கையில் கிற்றார் இருந்தது. ‘உப்புக்காத்து’ என்று ஒரு இசைக்குழு. கிழக்கு மாகாணத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். பாட்டு எழுதிப் பாடியவர் கிண்ணியா முனீப் அண்ணை. கிற்றார் இவர். இன்னும் இரண்டு பேர் கூட. தமிழில் ராக் பாடலாம் என்பதை மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பொடியன்கள் இவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். சண்டைக் காலம் அது. கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. படகுச் சேவை நின்றால் முனீப் அண்ணை இவருடைய வீட்டிலேயே படுத்துக்கொள்வாராம். ஒரே கோப்பையில் சாப்பிட்டு, ஒரே பாயில் சண்டை பிடித்து, இரண்டு ஒலிநாடா வெளியிட்டார்கள். இரண்டும் நெருப்பு. சும்மா சொல்லக்கூடாது, கேட்டால் எனக்கு இன்றைக்கும் மயிர் கூச்செறியும்.

சண்டை முடிந்த பிறகு வந்ததுதான் மூன்றாவது, கடைசி இசைத்தட்டு. பெயர் ‘கலியாணச் சந்தடி’. அட்டையில் இவரைத் தவிர எல்லாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். கீபோர்ட், கைதட்டல், ஆடத்தக்க தாளம். முதல் பாட்டை ஒரு தொலைபேசிக் கொம்பனி விளம்பரத்துக்கு எடுத்தது. அந்த முதல் பாட்டின் பயிற்சியிலேயே இவருக்கும் முனீப் அண்ணைக்கும் முட்டிக்கொண்டது. இவர் கிற்றாரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு எழும்பி வந்துவிட்டார். வேறு யாரையோ வைத்துப் பதிவு செய்தார்கள்.

அன்று தொடங்கியது இவருடைய பிரசங்கம். “முனீப் பாட்டை வித்துப்போட்டான். அது இசைத்தட்டில்லை, குப்பை.” தேத்தண்ணிக் கடையில் சொன்னார், பத்திரிகைக்காரரிடம் சொன்னார், இயந்திரம் திருத்த வந்த பாவம் மீனவரிடமும் சொன்னார். இவர் சொன்னதை மற்றவர்களும் சொன்னார்கள். உப்புக்காத்தென்றால் முதல் இரண்டும்தான், மூன்றாவது பேச்சுக்கே இல்லை என்பது ஊருக்குள் வேதவாக்கு ஆகிவிட்டது. என் சொந்தத் தங்கையின் கலியாண வரவேற்பில் அந்த முதல் பாட்டைப் போட்டார்கள் என்பதற்காகச் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போன மனிதர் இவர். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் என் மானம் கப்பலேறியது. “காது கூசுது, நான் என்ன செய்ய?” என்றார். சண்டித்தனத்துக்குக் குறைவில்லை.

முனீப் அண்ணை கிண்ணியாவில் இரும்புச் சாமான் கடை திறந்தார். குழு கலைந்தது. பாலம் வந்தது, பாதை திறந்தது, இரண்டு பேரும் கதைப்பதில்லை.

இந்த வருசம் நப்லா என்ற ஒரு பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கிண்ணியாப் பிள்ளை, கெட்டிக்காரி. பழைய ஈழத்துப் பாட்டுகளைத் துப்புரவாக்கி இணையத்தில் ஏற்றுகிறாளாம். உப்புக்காத்தின் மூன்று தொகுப்பையும் போட வேண்டும் என்றாள். கனடாவிலிருக்கும் மற்ற இருவரும் ஓம் என்றுவிட்டார்கள். முனீப் அண்ணை மட்டும், மூன்றாவதைப் பற்றிச் சஞ்சீவன் சம்மதித்தால்தான் தனக்கும் சம்மதம் என்றாராம்.

“முதல் ரெண்டையும் போடுங்கோ பிள்ளை. மூண்டாவது வேண்டாம்” என்றார் இவர்.

“ஏன் சேர் வேணாம் எண்டு சனத்துக்குச் சொல்லுவீங்களா? ஒரு கூட்டம் வைக்கிறம். முனீப் மாமாவும் வருவாரு.”

அவள் இவரைத் திருத்திவிடலாம் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நேருக்கு நேர் கண்டால் பழைய சிநேகம் வெல்லும், இசைத்தட்டும் வெளியே வரும் என்று நம்பி, இவருக்கு நல்ல சேட்டொன்று தேய்த்து மினுக்கிக் கொடுத்தேன். நம்பினேனே, எனக்கு நல்லாய் வேண்டும்.

நகரத்து மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் முனீப் அண்ணை, வெள்ளைச் சேட்டு, நரைத்த தாடி. பக்கத்தில் அவருடைய மனைவி லைலா. என்னைக் கண்டதும் லைலா சிரித்து, பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினா. போய் இருந்தேன். முனீப் அண்ணை மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். முதல் இரண்டு தொகுப்பையும் பற்றி நன்றாகவே கதைத்தார், சனம் கைதட்டியது. பிறகு குரலை உயர்த்தினார்.

“மூண்டாவது வேண்டாம் எண்டு ஏன் சொல்லுறன் தெரியுமோ? அது விக்கிறதுக்குச் செய்த பாட்டு. உண்மையான பாட்டு எப்பிடி இருக்கும் எண்டு நான் காட்டுறன். ஈச்சிலம்பற்றுப் பக்கம் இஞ்சின் திருத்தப் போற நேரம் கரைவலை இழுக்கிற ஆக்கள் பாடுற அம்பாப் பாட்டொண்டு. பாட்டன் பூட்டன் காலத்துப் பாட்டு. எழுதினவன் பேர் இல்லை, காசு இல்லை, கோட்டு இல்லை. எங்கட முனீப் இப்பிடி ஒரு வரி எழுதியிருந்தா நான் அவன்ர காலில விழுந்திருப்பன்.”

நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆளை முன்னால் வைத்துக்கொண்டு இப்படியா கதைப்பது? லைலாவின் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் வரவில்லை. இவரோ கண்ணை மூடிக்கொண்டு, வலை இழுப்பவர்கள் பாடுவதுபோல மெதுவாக, இழுத்துப் பாடினார்.

“கரையில நிக்கிற காலுக்குத் தெரியும், ஏலேலோ, கடலுக்குப் போனவன் பாரம், ஏலேலோ.”

குரல் நடுங்கியது. அந்தப் பாட்டில் இவருக்கு உண்மையாகவே உயிர். அதிலே பொய் இல்லை. வலைக்காரர் இரண்டே வரிதான் பாடுவார்கள், இவரும் இரண்டு வரியோடு நிறுத்தினார். மண்டபம் நிறுத்தவில்லை. கிண்ணியாவிலிருந்து வந்த பிள்ளைகள் இருந்த பக்கத்தில் முதலில் இரண்டு மூன்று குரல், பிறகு அந்த வரிசை முழுக்க, வேகமாக, கைதட்டிக்கொண்டு அடுத்த அடியைப் பாடினார்கள்.

“வந்தவன் பேரைக் கேக்காத புள்ள, வந்ததே போதும், வை சோறு.”

இவர் முகமெல்லாம் பல்லானார். “பாத்தீங்களோ? எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய பாட்டு!”

யாரோ ஒரு பொடியன் கத்தினான். “கலியாணச் சந்தடி, ஆறாவது பாட்டு சேர்!”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. இவர் அதைப் பகிடி என்று நினைத்துத் தானும் சிரித்தார். அதுதான் எல்லாவற்றிலும் கேவலம். நப்லா மேடையேறி இவருடைய காதுக்குள் சொன்னாள், ஆனால் ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தது, எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“சேர், இது முனீப் மாமாட பாட்டு. மூதூர் பஸ்ஸுகள்ள போட்டது. அதுல இருந்து வலைக்காரங்க எடுத்துக்கிட்டாங்க.”

கரைவலைக்காரரின் வழக்கம் அதுதானே. இழுவைக்குத் தோதான பாட்டு எங்கே கிடைத்தாலும், சினிமாப் பாட்டென்றாலும், வேகத்தைக் குறைத்து, நடுவில் ஏலேலோவைச் செருகி அம்பாவாக்கிவிடுவார்கள். துறைமுகத்தில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு இது தெரியாததா? தெரியும். தாளம் மெதுவாகி, கீபோர்ட் இல்லாமல், வியர்வையோடு வந்ததும் பாட்டன் காலத்துச் சொத்தென்று காலில் விழுந்துவிட்டார்.

அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. “அப்ப... சரி” என்றார். கீழே இறங்கி வந்தார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. முனீப் அண்ணை சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. எழும்பி, லைலாவைக் கூட்டிக்கொண்டு பக்கக் கதவால் போய்விட்டார். லைலா என்னுடைய கையை ஒருதரம் அமத்திவிட்டுப் போனா. அந்த மனுசி என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

மறுநாள் காலை பட்டறையில் இவர் ஒரு வேலையும் செய்யாமல் குந்தியிருந்தார்.

“லோஜி, அந்த இசைத்தட்டை நப்லாட்ட வாங்கித் தாரும்.”

“ஏன், திருப்பிக் கேட்டு இன்னும் பிழை கண்டுபிடிக்கவோ?”

அவர் தரையைப் பார்த்தார். “திருப்பி இல்லை. இப்பதான் கேக்கப் போறன்.”

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. “முழுக்கக் கேட்டதே இல்லையா?”

“முதல் பாட்டில பாதி. கடையொண்டில போட்டவங்கள். கோவத்தில வெளியில வந்திட்டன்.”

“ஐயோ கடவுளே! கேக்காமலா இவ்வளவு காலமும் குப்பை எண்டு நாக்கூசாமச் சொன்னனீங்கள்?”

நான் வாயில் வந்தபடி பேசினேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவரை அப்படி நான் கண்டதில்லை, பேசிப் பேசி எனக்கே அலுத்துப்போய்விட்டது.

நப்லா என்னுடைய போனுக்குப் பாட்டுகளை அனுப்பினாள். பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, இயந்திரத்தைக் கேட்பதுபோலவே தலையைச் சரித்துக்கொண்டு கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். முதல் இரண்டு பாட்டும் நன்றாயில்லை, அதில் அவர் இன்றைக்கும் மாறவில்லை, நானும் அவர் பக்கம்தான். மூன்றாவதில் கிற்றார் வந்த இடத்தில் “அடிச்சவனுக்கு விரல் இல்லை” என்றார். நாலாவது தொடங்கியதும் பேச்சு நின்றது. ஆறாவதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். உண்மையில் அது கலியாணப் பாட்டுத்தான், மேளமும் கைதட்டலுமாகப் போகிறது. போனவர் வராத வீடுகள் நிறைந்த ஊரில், வந்தவனுக்கு ஆர் எவர் என்று கேட்காமல் சோறு வை என்று அந்தச் சந்தடிக்குள் ஒரு மனிதன் பாடுகிறான்.

“நாங்கள் முதல் செய்த பாட்டுகளை ஒருத்தராலயும் பாட ஏலாது லோஜி. சனம் வாயைப் பிளந்து பாக்கத்தான் ஏலும். இதை எல்லாராலயும் பாட ஏலும். முனீப் வேணுமெண்டே சனத்தின்ர வாய்க்கு இறக்கி எழுதியிருக்கிறான். எனக்குக் கேட்டிருக்க வேணும்.”

“உங்களுக்கு எங்க கேக்கும்?” என்றேன். சொன்ன பிறகு பாவமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போனோம். வாசலில் லைலா, “வாங்க தங்கச்சி, உள்ளுக்கு வாங்க” என்று கூட்டிப்போனா. முனீப் அண்ணை கதிரையைக் காட்டினார்.

“மச்சான், மன்னிச்சுக்கொள்” என்றார் இவர்.

“என்னத்துக்குடா மன்னிப்பு? ஆர்ர பாட்டெண்டு தெரியாமலே நீ அழுது பாடினாய். எனக்கு அது போதும்.”

“மூண்டாவதும் வரட்டும். நான் நப்லாவிட்டச் சொல்லுறன்.”

“நான் வேணாமெண்டு சொல்லிட்டன்.”

“ஏன்?”

முனீப் அண்ணை தாடியைத் தடவினார். “ஒரு பாட்டு சரி வந்திரிக்கு. மத்ததெல்லாம் நீ சொன்ன மாதிரித்தான் இரிக்கும். ஒன்ட காது எனக்குத் தெரியாதா? சீடி வந்த நேரம் நீ குப்பை எண்டு சொன்னாய் எண்டு கேள்விப்பட்டன். சஞ்சீவன் உக்காந்து கேட்டுட்டுச் சொன்னா அதுல ஞாயம் இரிக்கும் எண்டு நினைச்சன். பிறகு பாட்டுக் கொப்பியைத் திறந்தா ஒரு வரி வராது. நீ என்ன சொல்லுவாயோ எண்டுதான் வரும். விட்டுட்டன் மச்சான். அதுக்குப் பிறகு நான் ஒண்டும் எழுதல்ல.”

குசினி வாசலில் லைலா நின்றுகொண்டிருந்தா. என் கணவர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்டாயிற்று, கிடைத்துமாயிற்று. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மரியாதையாக வீடு வந்து சேர்ந்திருக்கலாம். நான் அவரைப் பார்த்தேன். சொல்லத்தான் வேண்டும் என்று என் மனம் அடித்துக்கொண்டது, சொல்லிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

“மச்சான்,” என்றார். “நான் கேக்கேல்லையடா. அப்ப கேக்கேல்லை. இந்தக் கிழமைதான் முதல்முதலாக் கேட்டனான்.”

முனீப் அண்ணை அவரையே பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“ஒரு பாட்டுமா?”

“முதல் பாட்டில பாதி.”

முனீப் அண்ணை மெல்லத் தலையாட்டினார். பிறகு சின்னப் பிள்ளை கேட்பதுபோல, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

“அப்ப நான் ஆருக்குப் பயந்துடா இவ்வளவு காலமும் எழுதாம இருந்தனான்?”

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. முனீப் அண்ணையின் முகத்தைப் பார்க்க அதைவிட வெட்கமாக இருந்தது.