இராக்கம்மாவின் நெருப்புச் சட்டி

நமுனுகுல மலையடியில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், இராக்கம்மாவின் மகள் இறந்ததைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. புது வீட்டைப் பிடித்திருந்த காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்பது ஒன்று. பெற்றவளே கொன்றுவிட்டாள் என்பது மற்றது. இரண்டும் பிழை. மருமகன் ஜெயரூபன் சொன்னதையும் இராக்கம்மா சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்த்து, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

இராக்கம்மா கொழுந்தெடுத்தே ஓய்ந்தவர். கணவர் இறந்த பிறகு ஒரே மகள் தயானியோடு மேல் லயத்தின் வரிசை அறைகளில் ஒன்றில் இருந்தார். தோட்டத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அன்று இராக்கம்மாவின் நெருப்புச் சட்டி அந்த வீட்டுக்குப் போகும். மார்கழிக் குளிரில் பச்சை உடம்புக்காரிக்கு விடியும்வரை சூடு வேண்டும். விறகுக் குச்சி அதற்கு உதவாது. படபடவென்று எரிந்து அடங்கிவிடும். இராக்கம்மா எடுப்பது, பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டைக் கரி. அதை ஊதிச் சிவக்கவைத்து, மண்சட்டியில் அடுக்கி, சலித்த சாம்பலால் மூடுவார். காற்றுப் பட்டால் நெருப்பு அவசரப்படும். சாம்பலுக்குள் இருந்தால் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். சூடு கூட வேண்டுமா, குச்சியால் சாம்பலில் ஒரு துளை. குறைய வேண்டுமா, அந்தத் துளையை மூடினால் போதும். காலையில் கிளறிப் பார்த்தால் உள்ளே செந்தணல் இருக்கும்.

லயத்து அறைகளில் அந்தச் சட்டியால் யாருக்கும் தீங்கு வந்ததில்லை. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருந்தது. கதவுக்கு அடியில் கோழிக்குஞ்சு போய்வரும். அந்த ஓட்டைகளைத் திட்டாத ஆள் லயத்தில் கிடையாது.

பிறகு தனி வீடுகள் வந்தன. இராக்கம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது. சாமான்களை இறக்கும் முன்பே கண்ணாடி ஜன்னலை மூடித் திறந்து, மறுபடி மூடிப் பார்த்தார்.

"பாத்தியா தயானி, சத்தமே இல்ல. இனிமே காத்துக்கு இங்க வேலை கெடையாது. லயத்துலயே கெடக்கட்டும்."

"காத்து அழுவுதும்மா, ஒன்னைய விட்டுப் பிரிய மாட்டேன்னு," என்று தயானி சிரித்தாளாம்.

தயானியின் புருஷன் ஜெயரூபன் எல்ல என்ற ஊரின் ரயில் ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுபவன். வெளிநாட்டுக்காரர் வரும் பருவத்தில் அங்கேயே தங்கிவிடுவான். நான்கு வருடங்களுக்கு முந்திய மார்கழியில் தயானிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவன் எல்லவுக்குத் திரும்பினான். மலையிலிருந்து மழையும் மூடுபனியும் இறங்கிய வாரம் அது. ஊருக்கெல்லாம் தணல் மூட்டியவர் சொந்த மகளுக்குச் சும்மா இருப்பாரா? நல்ல கரியாகப் பொறுக்கிச் சட்டியை நிரப்பினார். ஜன்னலுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த துவாரங்களைப் பழைய சேலையால் அடைத்தார்.

இரண்டு நாள் கழித்துப் பொழுது சாயும் நேரத்தில் தயானி சொன்னாள்: "அம்மா, தலை விண்ணு விண்ணுனு வலிக்குது. வாந்தி வர்ற மாதிரியும் இருக்கு."

"பச்ச ஒடம்புடி. எங்கயோ காத்து பட்டுருக்கு."

"ஜன்னலக் கொஞ்சம் தெறந்து வையேன்."

"தெறந்தா சன்னி வரும். சும்மா படு."

பிள்ளை சிணுங்கியது. மகள் தூங்கட்டும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்த இராக்கம்மா, கதவைச் சாத்தி, அதன் அடியில் ஒரு சாக்கையும் சொருகினார். அதனால் பிள்ளை பிழைத்தது. காலையில் கதவைத் திறந்தபோது தயானி எழும்பவில்லை.

பிரேதப் பரிசோதனை முடிந்ததும் ஆஸ்பத்திரி டாக்டர் ஜெயரூபனைத் தனியாகக் கூப்பிட்டு, அறையில் கரி எரித்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். எல்லவில் பிழைப்பவனுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆமென்றான். டாக்டர் விளக்கினார். காற்றிலுள்ள ஒட்சிசன் போதிய அளவு கிடைத்தால் கரி முழுதாக எரியும். அது கிடைக்காமல் மெல்லப் புழுங்கும்போது காபனோரொட்சைட்டு என்ற விஷவாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போய், இரத்தத்தில் ஒட்சிசன் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தூக்கம். இப்படி இறந்தவர்களின் கன்னம் சிவந்தே இருக்கும்.

ஜெயரூபன் சவப்பெட்டியோடு வீடு வந்தபோது, இராக்கம்மா பிள்ளையை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றார்.

"என்னாய்யா சொன்னாங்க?"

"நெஞ்சு நின்னுபோச்சாம் அத்தை."

அவன் சொன்னது அவ்வளவுதான். அந்தக் கைகளில்தான் பிள்ளை வளர வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றியதாம். மரண வீட்டுக்கு வந்த பெண்கள், "தூங்குற மாதிரியே கெடக்காளே, கன்னங்கூடச் செவந்துருக்கு," என்று அழுதார்கள். இராக்கம்மா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். கேட்டவரிடமெல்லாம், "குளிராமத்தான் போனா எம்புள்ள. கடைசிவரைக்கும் கதகதன்னு இருந்தா," என்பார். ஜெயரூபன் பக்கத்தில் இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

ஒரு வருடம் நெருப்புச் சட்டி அடுப்படி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அடுத்த மார்கழியில் பக்கத்து வீட்டுப் பொன்னழகின் மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்தாள். அன்று காலையே பொன்னழகு வந்து நின்றாள்.

"யக்கா, நீ வேணாம்னுதான் சொல்லுவ. தெரியும். அதுக்காக எம்மருமக வெறச்சுச் சாவுறதா? நானும் மூட்டிப் பாத்தேன், அரை மணியில அவிஞ்சுருச்சு."

"ஒனக்கு ஒல வைக்கவே ஒழுங்கா நெருப்பு நிக்காது."

"அதான் ஒன்னையத் தேடி வந்துருக்கேன். திட்டிக்கிட்டே வாயேன்."

ஜெயரூபன் அன்று சாயங்காலம் எல்லவிலிருந்து வந்தான். இராக்கம்மா கொல்லையில் குந்தியிருந்து சாம்பல் சலித்துக்கொண்டிருந்தார். வருடம் முழுதும் இல்லாத ஒரு தெளிவு அவர் முகத்தில் இருந்ததாம்.

"யாருக்கு அத்தை?"

"பொன்னழகு வீட்டுக்கு. இன்னமும் எங்கையத் தேடி வர்றாங்க மாப்புள."

"வேணாங்க அத்தை. அவுங்க கரண்டு ஹீட்டர் ஒண்ணு வாங்கட்டும்."

"ஆமா, கரண்டு பில்லு கட்ட முடியாம வீட்ட விக்கட்டும். போய்யா, போயி டீ குடி."

அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். பொன்னழகிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று யோசித்தான். சொன்னால் இருட்டுவதற்குள் தோட்டம் முழுதும் தெரிந்துவிடும். அத்தை அதைத் தண்ணீர்க் குழாயடியில் யார் வாயிலிருந்தாவது கேட்பார். தானே சொல்ல வேண்டும். ஆனால் எந்த வார்த்தையில் தொடங்குவது? அவன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே இராக்கம்மா சட்டியைச் சாக்கில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பொன்னழகு வெளியே வந்தாள். ஸ்டூலில் ஏறி, ஜன்னலுக்கு மேலிருந்த துவாரத்தில் துணியைத் திணிக்கத் தொடங்கினாள்.

ஜெயரூபன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஓடினான். அறைக் கதவைத் தள்ளி, ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளையைக் கீழே இறக்கி, துண்டால் சட்டியைப் பிடித்து முற்றத்துக்குத் தூக்கிவந்தான்.

"ஏய், ஒனக்கென்ன பித்தா? பச்சப்புள்ள கெடக்குற ரூம்டா!" என்று பொன்னழகு கத்தினாள்.

இராக்கம்மா பேரனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "என்னா மாப்புள இது? நாலு பேரு முன்னால…"

"தயானி நெஞ்சு நின்னு போகல அத்தை. இந்தத் தணல்ல ஒரு வாயு வருமாம். வாசம் கெடையாதாம். மூடுன ரூம்ல ஆளக் கொன்னுருமாம். டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு. நான்தான் ஒங்ககிட்டச் சொல்லல."

இராக்கம்மா சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"தலவலின்னாளே. அதுவா?"

"ஆமாங்க அத்தை."

"கன்னஞ் செவந்துச்சே?"

அவன் தலையசைத்தான்.

"ஜன்னலத் தெறன்னு கேட்டாய்யா," என்றார் இராக்கம்மா. இது அதுவரை ஜெயரூபனுக்குத் தெரியாது. "நான்தான் தெறக்கல."

அவர் பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, பொன்னழகின் வாசலுக்குப் போனார். உள்ளே போகவில்லை. வெளியிலிருந்தபடியே சொன்னார்: "ஜன்னல மூடாதீங்க. எம்புள்ள அதுலதான் போயிருச்சு. நான் வச்ச சட்டியிலதான் போச்சு." தோட்டத்தில் உலவும் இரண்டாவது கதை இந்தச் சொல்லிலிருந்துதான் கிளம்பியது. அவர் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

இப்போதும் பிள்ளை பிறந்த வீடுகளுக்கு இராக்கம்மா போகிறார். சட்டியை முற்றத்திலேயே வைத்து, ஆற்றில் எடுத்த உருண்டைக் கற்களைத் தணலில் சுடவைப்பார். சூடேறிய கல்லைச் சாக்கில் சுற்றி, வாசலில் நின்றபடியே உள்ளே நீட்டுவார். ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது தயாராகிவிடும். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறைக்குள் அவர் காலெடுத்து வைப்பதில்லை. திரும்பும் முன் வெளிப்பக்கமாக நடந்து, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பார். சில வீடுகளில் அவர் முகத்துக்கு நேரே மூடுகிறார்கள். மகளைக் கொன்றவள் என்று காதில் விழும்படி சொல்பவர்களும் உண்டு. அவர் அங்கேயே நின்று, அவர்கள் திறக்கும்வரை தட்டுவார்.

அவர் வீட்டில் எல்லா ஜன்னல்களும் எப்போதும் திறந்தே கிடக்கும். போன வாரம் நான் போனபோது மூடுபனி முன்னறைவரை வந்திருந்தது. தயானியின் மகன் தொப்பியும் இரண்டு சுவெட்டரும் போட்டுக்கொண்டு, போர்வைக்குள் சுருண்டு கிடந்தான்.

"குளிருது அம்மாயி. ஜன்னல மூடு."

இராக்கம்மா போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டார். ஜன்னலைத் தொடவில்லை.

"குளிரட்டும்யா," என்றார். "குளிருனாத்தான் நீ முழிச்சுக்குவ."