விதைக்கு விட்ட பழம்

விழுப்புரம் மார்க்கெட்டில் இப்போது வரும் தக்காளி கைதவறிக் கீழே விழுந்தால் உருண்டு ஓடுகிறது, உடைவதில்லை. அதைத் தக்காளி என்று சொல்லவே எனக்கு மனம் வருவதில்லை. கிளியனூரில் எங்கள் அண்ணி போட்டது வேறு. தட்டையாக, மடிப்பு மடிப்பாக, மெல்லிய தோலோடு இருக்கும். மீன் குழம்பில் பிழிந்துவிட்டால் புளியே வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்குத்தான் ஓடுவேன். அந்தப் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

கல்யாணமாகி வந்தபோது வளவனூரிலிருந்து அண்ணி கொண்டுவந்த விதை அது. பிறகு அவர் பிறந்த வீட்டு நிலத்தில் மனை போட்டுவிட்டார்கள். அந்தச் செடி அண்ணியிடம் மட்டும்தான் மிஞ்சியது. வருடா வருடம் நல்ல பழமாகப் பார்த்து, அதன் காம்பில் பழைய புடவைத் துணியைக் கிழித்துக் கட்டிவிடுவார். அது விதைக்கு விட்ட பழம். வீட்டில் யாரும் தொடமாட்டோம். "பழத்துக்குப் புடவ கட்டுறா பாரு" என்று அண்ணன் கிண்டலடிப்பார்.

அந்த அண்ணன்தான் போன வருடம் பசுமைக்குடில் போட்டார். திண்டிவனம் பக்கம் யாரோ போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு அதே பேச்சு. "வெளிய போட்டா மழ, பூச்சி, ஒரே பேஜாரு. உள்ள ராஜா மாதிரி வளரும்" என்று அண்ணியிடமிருந்த விதை முழுவதையும் வாங்கி உள்ளேயே நாற்றுவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, செடி நன்றாகத்தான் வளர்ந்தது. தரையில் படர்ந்தே பழகியதைக் கயிறு கட்டித் தூக்கி நிறுத்தியிருந்தார். பூவும் பூத்தது. ஆனால் ஒன்றும் பிஞ்சு பிடிக்காமல் எல்லாம் கொட்டியது. நான் போயிருந்தபோது அண்ணி அந்தப் பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"காத்து இல்ல, வண்டு இல்ல, எப்படிம்மா காய்க்கும்? எங்க வீட்டு வெத. இதுவும் போயிட்டா எங்கிட்ட இன்னா இருக்குது?"

எனக்கு அண்ணன் மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

அப்புறம் ஒரு நாள் அடித்த காற்றில் குடிலின் ஓரத்து வலை கிழிந்தது. தைக்க ஆள் கிடைக்கவில்லை என்று அண்ணன் புலம்பிக்கொண்டிருந்தார். சில வாரம் கழித்துப் பார்த்தால், கிழிசலை ஒட்டிய வரிசையில் மட்டும் காய் பிடித்திருந்தது. அதன் பிறகு தைக்கிற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

அடுத்த முறை நான் போனதும் அண்ணி கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். சிவக்கத் தொடங்கியிருந்த பெரிய பழம் ஒன்றின் காம்பில் துணி கட்டியிருந்தது.

"கட்டிட்டீங்களா அண்ணி?"

"நான் எங்க கட்டினேன்?" என்று சிரித்தார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். புடவைத் துணி இல்லை. அண்ணன் வெளியே மடை திருப்பிக்கொண்டிருந்தார். அவர் தோளில் கிடந்த துண்டின் ஓரம் கிழிந்திருந்தது.