மண்ணைக் கழுவிட்டு வந்து படுங்க

அடுத்தவங்களைச் சட்டையைக் கழட்டச் சொல்லிச் சம்பளம் வாங்குற வேலை என்னுது. ஆறாவதோட படிப்பை நிறுத்தினவ, புது ஆளு வந்தா கதவுக்குப் பின்னால போய் நிக்கிறவ நான். எனக்குன்னு பார்த்து இது அமைஞ்சுது. கூச்சத்தையும் சோத்து டப்பாவையும் ஒண்ணா எடுத்துக்கிட்டு வேலைக்குப் போறவங்களுக்கு என் பாடு புரியும்.

எங்க விருத்தாசலத்துல ஸ்கூலு மைதானத்துல ஓடிக்கிட்டிருந்த பையன் ஒருத்தன் திடீர்னு விழுந்தான். எழுந்திருக்கவே இல்லை. நோய்நொடி ஒண்ணும் இல்லாத பையன். அதுக்கப்புறம் ஒரு ஆஸ்பத்திரியில வயசுப் பிள்ளைங்களுக்கு இலவசமா ஈ.சி.ஜி. எடுக்க வேன் விட்டாங்க. மெஷினை ஓட்ட பாபு சார். பொம்பளைப் பிள்ளைங்களுக்குப் பசை தடவி வயர் மாட்ட நான்.

நான் அதுல சேர்ந்ததுக்கு வேற காரணமும் இருந்துச்சு. என் கொழுந்தனார் சேகர் செராமிக் கம்பெனியில சூளைக்கு லோடு ஏத்துறவரு, கபடி ஆடுறவரு. மங்கலம்பேட்டையில ஆடும்போது மயங்கி விழுந்துட்டாரு. தண்ணி தெளிச்சதும் எழுந்து மறுபடியும் ஆடினாராம். மாமியார் திருஷ்டின்னு மொளகா சுத்திப் போட்டாங்க. எனக்கு அந்த மைதானத்துப் பையன் நெனப்பாவே இருந்துச்சு. ஒரு தடவை வந்து படுத்துட்டுப் போங்க தம்பின்னு சோறு போடும்போதெல்லாம் கேட்பேன். அவரு தட்டைப் பார்த்துக்கிட்டே சொல்வாரு: "நெஞ்சு வலிச்சா வரேன் அண்ணி. வலிக்காத நெஞ்சை எதுக்குக் காட்டணும்?"

என்னென்ன தெரியும்?

பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போனா பாதி நேரம் சிரிப்பை அடக்கவே சரியாப் போயிடும். பசை ஜில்லுன்னு பட்டதும் ஒருத்தி சிரிப்பா, வெளிய நிக்கிற அம்பது பேரும் சிரிப்பாங்க. சிரிச்சா மெஷின் கன்னாபின்னான்னு கிறுக்கும். பாபு சார் திரைக்கு அந்தப் பக்கத்துலேருந்து "சிரிக்காதீங்கம்மா"ன்னு சொல்ல, அதுக்கும் சிரிப்பாங்க.

ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை ஒண்ணு மட்டும் படுக்கவே மாட்டேன்னுடுச்சு. மனசுல இருக்கிறதெல்லாம் அந்தப் பேப்பர்ல வந்துடும்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க. நெஞ்சு துடிக்கிறது மட்டும்தான் கோடா வரும், யாரு பேரும் வராதுன்னு நான் சொல்லிப் பார்த்தேன். ஒருவழியா படுத்துச்சு. துடிப்பு தறிகெட்டு ஓடுது. ஏம்மா இப்படிப் பயப்படுறேன்னு கேட்டேன். என் காதுகிட்ட வந்து மெதுவா கேட்டுச்சு: "பேரு வராது சரிக்கா. இனிஷியல் வருமா?"

பொம்மையில ஒரு குறை

அடுத்தது சேகர் வேலை பார்க்கிற கம்பெனி. அங்க மெஷினோட ரப்பர் பொம்மை ஒண்ணையும் கொண்டு போனோம். ஆளு பேச்சுமூச்சில்லாம விழுந்துட்டா தண்ணி ஊத்திக்கிட்டு நிக்காம, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு, நடு நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சு வேகமா, அழுத்தமா அமுக்கிக்கிட்டே இருக்கணும். அதைச் செஞ்சு காட்டுற வேலை என் தலையில விழுந்துச்சு. அத்தனை பேரு முன்னாடி, மீசை வரைஞ்ச பொம்மை மேல கையை வச்சு, மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கிட்டு அமுக்கினேன்.

என்னை ஒருத்தரும் பார்க்கலை. அந்தக் கம்பெனிப் பொம்பளைங்க நாள் பூரா பீங்கான் பொம்மையை அச்சுலேருந்து எடுத்து, ஜாயிண்டு தெரியாம தேய்க்கிறவங்க. ரப்பர் பொம்மையைக் கைக்குக் கை மாத்தி, கழுத்தைத் தடவி, காதைத் திருப்பிப் பார்த்தாங்க. கடைசியில செல்வி அக்கா பாபு சாருகிட்டயே கேட்டுட்டாங்க: "ஆளு பொழைக்கிறது இருக்கட்டும் சார், ஜாயிண்டைத் தேய்க்காம இதை எப்படி வெளிய விட்டாங்க?"

கோடே வரலை

மத்தியானம் ஆம்பளைங்க முறை. அது பாபு சார் பொறுப்பு. நான் வேனுக்கு வெளிய ஆளைக் கூப்பிட்டு அனுப்பணும். முதல்ல படுத்தவருக்குக் கோடே வரலை. பேப்பர் சும்மா ஓடுது. பாபு சாருக்கு வேர்த்துடுச்சு. அப்புறம்தான் பார்த்தா, படுத்தவரு கையிலயும் காலுலயும் களிமண்ணு காஞ்சு பத்து போட்ட மாதிரி ஒட்டியிருக்குது. கிளிப்பு மண்ணைத்தான் கடிச்சுக்கிட்டிருக்கு.

மண்ணைக் கழுவிட்டு வந்து படுங்கன்னு நான் குழாயடி வரைக்கும் கேட்கக் கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். படுத்திருந்தவரு எழுந்து உட்கார்ந்து, வாசல்ல நின்ன சூப்பர்வைசரைப் பார்த்துக் கேட்டாரு: "மெஷினே நான் செத்துட்டேன்னு சொல்லுது சார், அரை நாள் லீவு தருவீங்களா?"

குழாயடி

கூட ஆடுறவங்க எல்லாம் வரிசையா படுத்து எழுந்ததும், சேகரால தனியா நிக்க முடியலை. பயந்துட்டான்னு சொல்லிடுவாங்களே. சட்டையைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, என்னைப் பார்க்காத மாதிரி வேன்ல ஏறினாரு. நான் பின்பக்கம் போய் நின்னுக்கிட்டேன்.

பேப்பரைப் பார்த்த பாபு சார், கோடு ஒரு மாதிரி வருது, மண்ணாத்தான் இருக்கும்னு சொல்லி அனுப்பினாரு. சேகர் கழுவிட்டு வந்தாரு. மறுபடியும் அதே கோடு. கூட்டாளிங்க குழாயடியில நிக்க வச்சு, தேங்கா நாரும் சோப்பும் போட்டு மாட்டைத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சாங்க. ஒரே சிரிப்பு. மூணாம் தடவை நெஞ்செல்லாம் செவந்து வந்து படுத்தாரு. பாபு சார் பேப்பரைக் கிழிச்சு எடுத்தாரு. இறங்கி என்கிட்ட வந்து, இது மண்ணு இல்லம்மா, பெரிய டாக்டர் பார்க்கிற வரைக்கும் இவரு ஆடவும் கூடாது, லோடு தூக்கவும் கூடாதுன்னாரு. நான் மெதுவாத்தான் அழுதேன். அப்படியும் உள்ள கேட்டிருக்கு. சேகர் தலையை மட்டும் வெளிய நீட்டினாரு: "அண்ணி, இன்னொரு தடவை கழுவிட்டு வரட்டுமா?"

மாமியார் நெஞ்சு

சேகருக்குப் புதுச்சேரியில ஸ்கேன் பண்ணினாங்க. இருதயத்துச் சதை தடிச்சிருக்குதாம். தினமும் மாத்திரை போடணும், கபடி கிடையாது, மூட்டை கிடையாது. கூடவே இன்னொண்ணும் சொன்னாங்க: இது குடும்பத்துல வரக்கூடியது, கூடப் பொறந்தவங்க, பெத்தவங்க, பிள்ளைங்க எல்லாரையும் பார்த்துடணும்.

என் வூட்டுக்காரரு எங்க ஆஸ்பத்திரிக்குப் பேசாம போய்ப் படுத்து எழுந்துட்டாரு. மாமியாருக்குத்தான் பெரும்பாடு. வேற பொம்பளை இல்லாததால நான்தான் வயரு மாட்டணும். அவங்க எதிர்ல நான் உட்கார்ந்து சாப்பிட்டதுகூட இல்லை. அவங்க மூஞ்சியைப் பார்க்காம வச்சதுல, வயரு நுனியில இருக்கிற ரப்பர் குமிழ் ஒட்டவே மாட்டேங்குது. மின்விசிறியைப் பார்த்துக்கிட்டே அவங்க சொன்னாங்க: "என் மனசுல என்ன இருக்குன்னு தெரியணும்னு கல்யாணமாகி வந்த நாளா அலைஞ்சியே, இந்தா, நல்லாப் பார்த்துக்க."

நாலு வயசு

மாமியாருக்கும் வூட்டுக்காரருக்கும் ஒண்ணும் இல்லை. ஆனா இது பின்னாடியும் தலைகாட்டலாம்னு, பிள்ளையையும் பார்த்துடச் சொன்னாங்க. அடுத்தது என் மக. எத்தனை பிள்ளைங்களுக்குப் பசை தடவின கை, அவ நெஞ்சுகிட்ட போனதும் நின்னுடுச்சு. அவளோ படுக்க மாட்டேன்னு உருளுறா. சேகர்தான் வந்து அவ மூக்கைத் தொட்டு, நீ அவுட்டு, அவுட்டான ஆளு அசையக் கூடாதுன்னாரு. கட்டை மாதிரி கெடந்தா. நான் கண்ணை மூடிக்கிட்டே கடைசி வயரை மாட்டினேன்.

டாக்டர் பேப்பரையும் ஸ்கேனையும் பார்த்துட்டு, இப்ப நல்லா இருக்குது, வளர வளர அப்பப்ப கூட்டிட்டு வந்து காட்டுங்கன்னு சொன்னாரு. பேப்பர் ஓடி முடிஞ்சதுகூடத் தெரியாம அவ இன்னும் அசையாமத்தான் கெடந்தா. சேகர் அவளைத் தூக்கித் தோள்ல வைக்கப் போனாரு, தூக்கலாமான்னு டாக்டரைப் பார்த்தாரு, டாக்டர் தலையாட்டினதும் வச்சுக்கிட்டாரு. அப்புறம் என்கிட்ட சொன்னாரு: "நான் ஆடாம எங்க டீமுல ஒரு ஆளு கொறையுதேன்னு இருந்தேன் அண்ணி, சரியாப் போச்சு."

என் வேலைன்னு பார்த்தா பத்து வயரு, கொஞ்சம் பசை, மிச்சமெல்லாம் நல்லா இருக்கிறவங்களைக் கெஞ்சிப் படுக்க வைக்கிறதுதான்.