நான் எடையாகப் போன பந்தயம்

கொடைக்கு முந்தின வாரம் ரேஷன் கடைத் தராசில் என்னை ஏற்றி எடை போட்டார்கள். இருபத்தாறு கிலோ. கமிட்டித் தலைவர் குனிந்து முள்ளைப் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டார்.

"பேசினது இருபத்தஞ்சு. ஒரு கிலோ கூடுதலா இருக்கு வே, பரவாயில்லையா?"

"இருக்கட்டும் அண்ணாச்சி. பிள்ளைய அறுத்தா குறைக்க முடியும்?"

எனக்கு அப்போது ஒன்பது வயது. முக்கூடலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வருஷா வருஷம் குதிரை வண்டிப் பந்தயம் உண்டு. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு செவலை மட்டக்குதிரை வைத்திருந்தார். அது மூன்று வருஷம் தொடர்ந்து முதலில் வந்துவிட்டது. நான்காம் வருஷம் மற்ற வண்டிக்காரர்கள் பெயர் கொடுக்கவில்லை. முதலில் மறுத்தது கமிட்டித் தலைவரின் மகன். "அவன் குதிரை ஓடும், நாங்க பின்னால புழுதி திங்கணுமாக்கும்" என்பது அவர் கட்சி. பந்தயமே நின்றுபோகும் நிலைமை.

வழி சொன்னது மாமாதான். அவர் கொஞ்ச காலம் சென்னையில் ரேஸ் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஹேண்டிகேப் என்று ஒன்று உண்டு, நன்றாக ஓடும் குதிரையின் சேணத்தில் ஈயத்தகடு செருகுவார்கள், எல்லாக் குதிரையும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர வேண்டும் என்றுதான் அந்த ஏற்பாடு என்றார். அந்தப் பெயருக்கும் ஒரு கதை வைத்திருந்தார். இங்கிலாந்தில் பழைய காலத்தில் இரண்டு பேர் பொருளை மாற்றிக்கொள்ளும்போது, மட்டமான பொருள்காரன் மேற்கொண்டு எவ்வளவு தர வேண்டும் என்று நடுவர் ஒருவர் சொல்வாராம். இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு எடுத்து, சம்மதமா இல்லையா என்று காட்டுவார்களாம். தொப்பிக்குள் கை, அதுதான் ஹேண்டிகேப்.

மாமா சொல்வதில் பாதி அளப்பு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதைப் பின்னாளில் அகராதியில் தேடிப் பார்த்தபோது ஏறக்குறைய அப்படியே இருந்தது. உடல் குறையைச் சொல்ல அந்தச் சொல் வந்ததெல்லாம் வெகு பிற்பாடு. பந்தயத்தில் அது வலுவான குதிரை மேல் ஏற்றிய சுமை.

ஈயத்துக்கு எங்கே போவது? மணல் மூட்டை என்றார்கள். ரேக்ளா வண்டியில் மூட்டை நிற்காது, வளைவில் சரிந்துவிடும். தானே பிடித்துக்கொள்ளத் தெரிந்த எடைதான் வேண்டும் என்றார் மாமா. அப்படித்தான் நான் தராசு ஏறினேன். அம்மாவிடம் யாரும் மூச்சுவிடவில்லை.

ஆறு வண்டிகள். மூன்று மைல் போய், சாலை நடுவே வைத்த பீப்பாயைச் சுற்றி, மூன்று மைல் திரும்ப வேண்டும். மாமாவின் முதுகுக்குப் பின்னால் குந்தி, அவர் இடுப்பில் கட்டிய துண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். வேட்டுப் போட்டதும் வண்டி என் அடியிலிருந்து உருவிக்கொண்டு போவதுபோல் பாய்ந்தது. வாழைத் தோட்டங்கள் பச்சைக் கோடாக ஓடின. பின்னால் நூறு பைக்குகளின் ஹாரன். வாயில் மண். "பிடிச்சுக்கிடு ஏட்டி!" என்று மாமா கத்தினார். நானும் கத்தினேன், பயத்தில் அல்ல.

பீப்பாய்க்குப் போகும் பாதி வழியில் இரண்டு வண்டிகளைத் தாண்டினோம், பிறகு இன்னும் இரண்டு. தலைவர் மகனின் வெள்ளைக் குதிரை மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அந்த வண்டியில் அவர் ஒருவர்தான். எங்கள் செவலையின் வாயில் நுரை தள்ளியது. இருபத்தாறு கிலோ இல்லாவிட்டால் இது எங்கேயோ போய்விடுமே என்று எனக்குத் தோன்றியது. பீப்பாயைச் சுற்றும்போது வண்டி நடை வேகத்துக்கு வந்தது. துண்டை விட்டுவிட்டுக் குதித்தேன்.

முழங்கால் சரளையில் உராய்ந்தது. மாமா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்று, போங்க போங்க என்று கையை ஆட்டினேன். செவலை துள்ளியது. பைக்கில் வந்த ஒருவர் என்னைத் தூக்கி முன்னால் உட்காரவைத்து வண்டிகளைத் துரத்தினார். கோயில் வளைவு தெரிந்த இடத்தில் இரண்டு குதிரையும் ஒன்றாகின. கோட்டைத் தாண்டும்போது எங்கள் குதிரை ஒரு முகம் முந்தியிருந்தது.

நான் போய் இறங்கியபோது அங்கே சத்தம் அடங்கிவிட்டது. எடை தவறி விழுந்தால் குற்றமில்லை, வேண்டுமென்று இறக்கினாலோ இறங்கினாலோ பரிசில்லை என்று காலையிலேயே ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள். நான் அதைக் கேட்கவில்லை. கமிட்டித் தலைவர் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் துண்டால் என் முழங்காலைத் துடைத்தார்.

"விழுந்துட்டியா தாயி?"

"இல்ல தாத்தா. நானாத்தான் இறங்குனேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ரத்தம் வருதே. விழுந்திருப்ப." இந்த முறை மிகவும் மெதுவாகக் கேட்டார்.

பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று நான் கத்தினேன். "விழல! வண்டி லேசாகட்டும்னு நானா குதிச்சேன்!"

 மாமா செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். தலைவர் எழுந்து மேடைக்குப் போனார். கோப்பை வெள்ளைக் குதிரைக்குப் போயிற்று.

அழுது ஓய்ந்ததும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. தன் மகனுக்குக் கோப்பை கிடைக்கத்தான் அந்தத் தாத்தா என்னைத் துருவித் துருவிக் கேட்டார் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கண்டவர்களிடம் சொல்லிக்கொண்டு போனேன். அதுவரை என்னை ஒருநாளும் அடித்தறியாத மாமா, நடுத்தெருவில் வண்டியை நிறுத்தி, என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.